பதினோரு சுவர்க்கடிகாரங்களும் ஒரு டிபன் பாக்ஸும்

எங்கள் வீட்டுக்கு இதுவரை பதினோரு சுவர்க்கடிகாரங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி கொடுத்தவை. ஒவ்வொரு வருஷமும் செவிலியர் தினத்தன்று மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ரோஜாப்பூ, ஒரு துண்டு கேக், ஒரு கடிகாரம் தருவார்கள். வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷம் என்று யாராவது கேட்டால் பரணில் கிடக்கிற கடிகாரங்களை எண்ணி, மூன்றைக் கூட்டிச் சொல்லிவிடலாம். அந்த மூன்றை நானே விசேஷ வீடுகளுக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டேன். திருப்பரங்குன்றத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் ஒன்று தொங்குகிறது. அதன் நடுவில் ஆஸ்பத்திரி பெயர் கொட்டை எழுத்தில் இருப்பதால், வருகிற விருந்தாளிகள் எல்லாம் "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்கிறார்களாம். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

இத்தனை கடிகாரம் இருந்தும் வேலை நாளில் மணி பார்த்துச் சாப்பிட்டவள் இல்லை நான். பெண்கள் வார்டில் பகல் டூட்டி. ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறப்பேன். இரண்டு வாய் வைப்பதற்குள் நோயாளிகள் கூப்பிடுகிற மணி அடிக்கும். யாருக்காவது ட்ரிப்ஸ் தீர்ந்திருக்கும், யாருக்காவது வாந்தி வந்திருக்கும். மூடி வைத்துவிட்டு ஓடுவேன். ஓடினால் ஓடினதுதான். "சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்கம்மா" என்று நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சொல்கிற வாய்க்கு ஒரு கவளம் சோறு இறங்காது.

திருமங்கலத்தில் வீடு. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்ததும் என் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவுவது மகளின் வேலை. பத்தாவது எழுதி முடித்தவள். தினமும் புளித்துப்போன தயிர்ச்சோற்றைக் கொட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள். என்றைக்காவது டப்பா காலியாக வந்தால், அதை யாராவது நோயாளியின் கூட இருப்பவர்களுக்குக் கொடுத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். போன மாசி மாதம் எனக்கு வயிற்றில் புண் என்று எங்கள் வார்டு டாக்டரே பார்த்துச் சொன்னார். "நேரத்துக்குச் சாப்பிடுங்க சிஸ்டர்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மே மாதம் பிறந்ததும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு முதலுதவி பார்க்க நர்ஸ் தேவை என்று சொன்னார்கள். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஜூனில் சேர வேண்டும், செவிலியர் தினம் கழிந்து வரும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் "போதும், விட்டுட்டு வா" என்றார். எனக்கோ வார்டை விட மனசு வரவில்லை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். இருந்தாலும் ராஜினாமாக் கடிதத்தை எழுதி, என் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். செவிலியர் தின விழா முடிந்ததும் கொடுத்துவிடுவது என்று முடிவு.

இந்த வருஷம் புதிதாக வந்த மேனேஜர், விழாவுக்கு முன் ஒரு அட்டைப் பெட்டியை மாடிப்படிப் பக்கம் வைத்தார். "நர்ஸுங்களுக்கு என்ன வேணும்னு எழுதிப் போடுங்க, பேர் போட வேண்டாம்" என்றார். நாங்கள் அப்படியே மிரண்டுபோனோம். பேர் போடாவிட்டால் என்ன? ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டர் பதினோரு வருஷமாக எங்கள் கேஸ் ஷீட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு சுழியைப் பார்த்தே இது எந்த வார்டு, யார் எழுதினது என்று சொல்லிவிடுவார்.

யோசனை என்னுடையது. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன் மேலூர்ப் பக்கத்துக்காரர். ஊரில் அத்தனை பேருக்கும் தாலுகா ஆபீஸ் மனு எழுதிக்கொடுத்துப் பழகிய கை. "எல்லாருக்கும் நீங்களே எழுதிக் குடுங்கண்ணே" என்றேன். "அம்புட்டுத்தானே தாயி, எழுதிருவோம்" என்று உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் காதில் சொன்னோம். எல்லோரும் சொன்னது ஒன்றையேதான். அவர் அதை இப்படி எழுதியிருந்தார்: "ஐயா, மேற்படி விஷயத்தைக் கருணையோடு பரிசீலித்து, மதியச் சாப்பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாத அரை மணி நேரம் தந்து உதவுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். இப்படிக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு செவிலியர். இடம்: மதுரை." முப்பது சீட்டிலும் இதே வாசகம், இதே முத்து முத்தான எழுத்து. ஆஸ்பத்திரியில் எங்களைவிட அதிகமாக எழுதுகிறவர் அவர்தான், கேட் ரெஜிஸ்டர் முழுக்க அவர் கைதான், அதில் மேனேஜர் தினமும் கையெழுத்துப் போடுகிறார் என்பது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

விழா மூன்று மணிக்கு. மே மாத வெயிலில் ஹால் கொதித்தது. மேஜையில் கேக், பக்கத்தில் அட்டைப் பெட்டிகளில் கடிகாரங்கள். பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தால் நாற்பது நிமிஷம். அன்று எடுத்த எடுப்பிலேயே அவர் முகம் சரியில்லை. சீட்டுக் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

"நர்ஸுங்க மனசைத் தெரிஞ்சுக்கத்தான் பெட்டி வச்சோம். முப்பது சீட்டையும் எழுதினது கேட்ல இருக்கிற ஆளுன்னு மேனேஜர் சொல்றாரு. இது என்ன விளையாட்டா?"

செக்யூரிட்டி அண்ணன் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தப்பு எம்மேலதான் சார்" என்றார். எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. என் யோசனைக்கு அந்த மனுஷன் திட்டு வாங்குவதா? பைக்குள் கடிதம் இருக்கிற தைரியமும் சேர்ந்துகொண்டது. எழுந்துவிட்டேன்.

"சார், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க கையெழுத்து உங்களுக்குத் தெரியுமேன்னு பயந்துக்கிட்டு நாங்கதான் எழுதச் சொன்னோம். கை அவரோடது, பசி எங்களோடது."

டாக்டர் என்னையே பார்த்தார். அப்புறம், "இன்னைக்கு மதியம் சாப்பிட்டவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கையும் எழவில்லை. எங்கள் வார்டுச் சின்னப் பெண் ஒருத்தி பாதி தூக்கி, "காலைல ரெண்டு இட்லி சார்" என்று சொல்லிவிட்டு இறக்கிக்கொண்டாள். டாக்டர் மைக்கைக் கீழே வைத்தார். "முதல்ல போய்ச் சாப்பிடுங்க" என்றார். நேராகப் பின்னால் போய், செக்யூரிட்டி அண்ணனின் தோளைத் தட்டி, "மன்னிச்சுக்கங்க, தெரியாமச் சொல்லிட்டேன்" என்றார். அந்த நாற்பது நிமிஷப் பேச்சு இல்லாமல் போனதே எங்களுக்குப் பெரிய பரிசாக இருந்தது.

அன்று கடிதம் கொடுக்கவில்லை. கொடுக்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு மணிக்குப் பெரிய டாக்டர் தனியாக எங்கள் வார்டுக்கு வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். "செல்போனை இங்க வச்சிட்டுப் போங்க. அரை மணி நேரம் நான் இருக்கேன்" என்றார். போனேன். பழக்கதோஷம், நாலு வாய் அள்ளிப் போட்டு மூடிவிட்டு ஓடி வந்தேன். வாசலிலேயே கேட்டது. "ஏண்ணே, சிஸ்டர் எங்கண்ணே? எங்கம்மாவுக்கு பெட்பேன் வைக்கணும்" என்று ஒருவர் பெரிய டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் மணி. டாக்டர் வேர்த்துப்போய் பெட்பேன் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் இரண்டடி எடுத்து வைத்ததும், "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, போங்க" என்று விரட்டினார்.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். எப்படிச் சாப்பிடுவது என்றே மறந்துபோயிருந்தது. உருளைக்கிழங்குப் பொரியலைத் தொட்டுத் தொட்டுத் தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டேன். டப்பாவின் அடி தெரிந்தது.

வந்தபோது, "தினமும் இப்படித்தானா?" என்றார் டாக்டர். "இன்னைக்குக் கம்மி சார்" என்றேன். அங்கேயே மேனேஜருக்குப் போன் போட்டார். ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை வார்டு வார்டாகப் போய், சாப்பிடப் போகிறவர்கள் இடத்தில் நிற்க இரண்டு சிஸ்டர்களைச் சீக்கிரமே போடச் சொன்னார். ஆள் வரும்வரை தானே வருவதாகவும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மகள் வழக்கம்போல் என் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். அதன் அடியில் கடிதம் இன்னும் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னைக்கு யாருக்கும்மா குடுத்த?"

"நானே சாப்பிட்டேன்டி" என்றேன்.

அவள் நம்பவில்லை. கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தாள். "நெசமா?" என்று மூன்று முறை கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். அப்புறம் டிபன் பாக்ஸில் ஒரு கரண்டி சோறு கூடவே வைத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.