சைக்கிள் மிதித்து எடுத்த வெள்ளிநீர்

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, ஜொகூரில் சாஆ என்ற ஊர்ப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரும் மருந்துப் பெட்டியும் சிறுத்துப்போனது. புண் கழுவவும் கண்ணில் விடவும் அந்நாளில் டாக்டர்கள் நம்பியது வெள்ளிநீர். வெள்ளியின் நுண்துகள்கள் படியாமல் மிதக்கும் மஞ்சள் நீர் அது. பட்டியலிலிருந்து முதலில் அடிக்கப்பட்டதும் அதுதான்.

டாக்டர் இல்லாத நாள்களில் மருந்து கொடுத்துக் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியை நடத்திய டிரெசர் என் அடுத்த வீட்டுக்காரர். நான் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன், நடந்ததையெல்லாம் நாள் கிழமையோடு எழுதிவைப்பவன். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால் வெள்ளிநீர் கிடைக்கும் என்று ஒரு பழைய விஞ்ஞானப் பத்திரிகையில் படித்திருந்தேன். குடியிருப்புகளில் மின்சாரம் ஏது? அதையும் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது.

பழுதான லாரியிலிருந்து கழற்றிய காந்தங்களைத் தோட்டத்து மேனேஜர் துரை கடனாகக் கொடுத்தார். அவற்றின் நடுவே சுழல, செம்புக் கம்பி சுற்றிய உருளை ஒன்றைச் செய்தேன். மின்னோட்டம் ஒரே திசையில் போவதற்காகப் பித்தளை வளையம் ஒன்றை இரண்டாக அறுத்துப் பொருத்தினேன். பின்கட்டில் என் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து உருளைக்கு வார்ப்பட்டை மாட்டினேன். திசைகாட்டி ஒன்றைச் சுற்றிக் கம்பியை ஓட்டியதும் அதுவே மின்னோட்டமானி ஆயிற்று. முதல்நாள் ஊசி அசைந்தபோது நானும் டிரெசரும் கைகொட்டிக் கத்தினோம்.

துரை போட்ட நிபந்தனை ஒன்றுதான். அடுத்த மாதம் தோட்டங்களைச் சுற்றிவரும் பெரிய டாக்டர் வரும்போது ஒரு புட்டி நல்ல வெள்ளிநீரைக் காட்ட வேண்டும். அவர் ஏற்றால் இயந்திரம் இருக்கலாம். இல்லாவிட்டால் பிரித்துக் காந்தங்களை ஒப்படைத்துவிட வேண்டும்.

முதலில் ஒரு வெள்ளி டாலரைத் தொங்கவிட்டேன். நீர் பச்சையாயிற்று. நாணயத்தில் செம்பு கலந்திருப்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. என் மனைவி தன் பழைய தண்டையைக் கழற்றிக் கொடுத்தாள். சிகாமட்டில் ஒரு ஆசாரி அதைப் புடம்போட்டு இரண்டு கம்பியாக இழுத்துத் தந்தார்.

"தண்டையக் குடுத்திருக்கேன். தண்ணியக் காட்டி ஏமாத்திடாதீங்க" என்றாள்.

மாலையில் வேலை முடிந்ததும் டிரெசர் மிதிப்பார். நான் ஊசியைப் பார்த்து எழுதுவேன்.

"கிராணியாரே, இந்த மிதி மிதிச்சதுக்கு இந்நேரம் ஜொகூர் பாருவே போய்ச் சேர்ந்திருக்கலாம்."

"மிதிங்க ஐயா. ஊசி தூங்குது."

"ஊசி தூங்குதா? எனக்குல்ல மூச்சு வாங்குது!"

சில நாள் நீர் அழகான இளமஞ்சளாக வரும். சில நாள் தொடக்கத்திலேயே ஊசி துள்ளிக் குதிக்கும், நீர் பால்போலக் கலங்கும், பிறகு கறுத்துப் படிந்துவிடும். நீரைத் திரும்ப வடித்தேன். நீர் நிறைக்கும் கண்ணாடிச் சாடியைக் கொதிக்கவைத்தேன். துணியின் நூல் ஒட்டிவிடும் என்று கம்பிகளை மட்டும் துடைக்காமல் பொத்திப் பொத்திக் காத்தேன். நல்ல நீர் வந்த நாள்களிலும் அரைப்புட்டிக்கு மேல் சேரவில்லை; எது எப்போது கெடும் என்று தெரியாமல் டாக்டர்முன் வைக்கவும் துணிவில்லை. டாக்டர் வர ஒன்பது நாள்தான் இருந்தது.

குறிப்பேட்டை எடுத்து, கெட்டுப்போன நாள்களுக்கு மட்டும் சிவப்பு மையால் கோடிட்டேன். எல்லாம் செவ்வாய், வெள்ளிக்கிழமைகள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அன்று திங்கள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவந்து பின்கட்டில் நின்று பார்த்தேன். தலைக்குக் குளித்த ஈரத்தோடு என் மனைவி வந்தாள். சைக்கிளின் கைப்பிடியில் மூன்று விரலால் திருநீறு இழுத்தாள். காந்தத்தில் இழுத்தாள். பிறகு, சாடிக்குமேல் கம்பிகள் கட்டிய மூங்கில் சட்டத்தில் தாராளமாக ஒரு பட்டை. டிரெசர் மிதிக்கும்போது மேசை அதிர, அந்தச் சாம்பல் பொடிப்பொடியாகச் சாடிக்குள் உதிர்ந்திருக்கிறது! ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பட்டை என் கண்முன்தான் இருந்தது. பட்டை இல்லாத இயந்திரத்தை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? கண்ணுக்கு அது ஒரு பொருளாகவே படவில்லை.

"ஏங்க அப்படிப் பாக்குறீங்க? ஆயுத பூசையிலேருந்து போடுறேனே. மெஷின் நல்லா ஓடட்டும்னுதான்."

"ஓடுதும்மா. ரொம்ப நல்லா ஓடுது. அதுதான் கோளாறு!" என்று சிரித்துவிட்டேன்.

சாம்பலின் உப்பு நீரில் கரைந்ததும் மின்சாரம் மட்டுமீறி ஓடி வெள்ளியைக் கலங்கவைக்கிறது என்று விளக்கியதும் அவள் முகம் சுண்டியது. பிறகு, "அப்ப சாமிக்கு ஒண்ணுமே வேணாமா?" என்றாள். முன்சக்கரத்தைக் காட்டினேன். சுழலாமல், சாடியிலிருந்து எட்ட நின்ற சக்கரம் அது. எவ்வளவு வேண்டுமானாலும் அங்கே பூசிக்கொள்ளலாம் என்றேன்.

சட்டத்தைக் கழுவி, கம்பிகளை வடித்த நீரில் அலசி, அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே மிதித்தோம். ஊசி சோம்பேறியாக நகர்ந்தது. பொழுது சாயும்போது நீர் இளமஞ்சளாயிற்று. வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஒரு புட்டி நிறைந்தது. டாக்டர் வரும்வரை அது அலமாரியில் அசையாமல் இருந்தது. அடியில் ஒரு துகள்கூடப் படியவில்லை.

டாக்டர் வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். ஆஸ்பத்திரி ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். கறுப்புக் காகிதத்தில் ஊசித்துளை போட்டு, டார்ச் ஒளியை முதலில் வெறும் வடித்த நீருக்குள் விட்டார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு எங்கள் புட்டிக்குள் விட்டார். மிதக்கும் வெள்ளித் துகள்களில் பட்ட ஒளி ஒரு பொன்கம்பிபோல இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை நேராக நின்றது. டிரெசர் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார். டாக்டர் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தார். "பாகூஸ்" என்றார், தோட்டத்தில் எல்லாருக்கும் புரியும் மலாயில். நல்லது என்று பொருள். துரையிடம் திரும்பி, லாரிக்கு வேறு காந்தம் பார்த்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு புட்டி வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் டிரெசர் வெயிலில் நின்று கத்தினார்: "வாரம் ரெண்டு புட்டியா! யாரு மிதிக்கிறது?"

அன்று குறிப்பேட்டில் வழக்கம்போல நாள், கிழமை, ஊசியின் அளவு எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: காந்தங்கள் நம்மிடமே. எழுதி முடித்து நிமிர்ந்தபோது முன்சக்கரத்துக்கு ஆரக்கால்முதல் ரிம்வரை திருநீறு பூசியிருந்தது.