சொல்லாமல் மாற்றிய தண்டு

செங்கல்பட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். செய்யூர்ப் பக்கம் நடக்கும் மண்பாதைப் பந்தயத்துக்காக ஒரு காரை நானே கட்டினேன். ஓட்டுபவன் சதுரங்கப்பட்டினத்து நண்பன் செல்வம்.

அந்தக் காரின் பின் அச்சைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டுகள் பிடித்திருக்கும். தண்டை மாட்ட, பக்கத்துக்கு மூன்று துளைகள். துளை மாறினால் வளைவில் வண்டி திரும்பும் விதமே மாறிவிடும். இரண்டும் நடுத்துளையில் இருக்கும்போதுதான் செல்வம் ஓட்டிப் பழகியிருந்தான். பந்தயத்தன்று காலையில், வளைவில் பிடிமானம் கூடும் என்று நினைத்து, இடப்பக்கத் தண்டை மட்டும் மேல் துளைக்கு மாற்றினேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான்.

முதல் வளைவிலேயே வண்டியின் பின்பக்கம் வெளியே வீசியது. இரண்டு முறை உருண்டு தலைகீழாகக் கிடந்தது. மற்றவர்கள்தான் பெல்ட்டை அறுத்து அவனை வெளியே இழுத்தார்கள்.

தோள்பட்டை நழுவியிருந்தது. என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான்.

"மன்னிச்சுக்கோ மச்சான். நீ கஷ்டப்பட்டுக் கட்டின வண்டி. நான்தான் அவசரப்பட்டு ஸ்டியரிங்க ஒடிச்சிட்டேன்."

ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன். பிறகுதான் வாய் வந்தது.

"உன் மேல தப்பு இல்லடா. காலைல ஒரு தண்ட மாத்தி மாட்டிட்டேன்."

அவன் அழுகை நின்றது. "என்னாண்ட சொல்லாமயா?"

தலையாட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தோள் சரியாகிவிட்டது. இப்போதும் என் வண்டியைத்தான் ஓட்டுகிறான். ஏறும் முன் குனிந்து தண்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான். அதில் எனக்கு வருத்தமில்லை. இன்றும் என்னைத் திடுக்கிட வைப்பது அந்த ஒரு நிமிடம்தான். அவன் மன்னிப்புக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.