லாரிக்குப் பேர் போட்டவர்

"கல்லை உள்ள தள்ளு. இன்னும் உள்ள," என்று லாரிக்கு அடியிலிருந்து செல்லப்பன் சொன்னார்.

காளியப்பன் கல்லைப் பின் சக்கரத்தோடு சேர்த்துக் காலால் அழுத்தினான். மேலே அன்னாசிக் குவியல் ஒரு முறை சரிந்து நின்றது.

"என்னண்ணே, போச்சா?"

"ஆக்ஸில் ரெண்டாப் போச்சு."

"அலமாக்," என்று காளியப்பன் தலையில் கை வைத்தான்.

செல்லப்பன் வெளியே வந்து கைகளைப் புல்லில் துடைத்துக்கொண்டார். பெக்கான் நானாஸிலிருந்து புறப்பட்டு நாலைந்து மைல்தான் வந்திருந்தார்கள். பழங்கள் ஜொகூர் பாரு ஆலைக்குப் போக வேண்டியவை. தோட்டக்காரச் சீனர் அறுத்ததிலிருந்து மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் ஆலை வாங்காது.

"சந்தைக்குப் பின்னால பட்டறையில பழைய ஆக்ஸில் ஒண்ணு கிடக்கு," என்றான் காளியப்பன். "பதினெட்டு வெள்ளி சொல்றான். வீட்டுல தவணைப் பணம் இருக்குல்ல? வாங்கிப் போட்டுருவோம். ராவுத்தர அப்புறம் பாத்துக்கலாம்."

சுமை ஏற்றி இறக்கும் காளியப்பன் செல்லப்பனைவிட நாலு வயது மூத்தவன். ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான். கேட்டால், லாரி வச்சிருக்கிறவன் அண்ணன்தானே என்பான்.

"கனகராஜும் அப்படித்தான் நெனச்சான்," என்றார் செல்லப்பன்.

கனகராஜும் பழைய லாரி விற்கும் அதே ராவுத்தரிடம்தான் தவணைக்கு லாரி எடுத்தான். ஒரு மாதம் பணம் குறைந்தது. அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று கடைப்பக்கம் போகாமலே இருந்தான். மூன்றாவது வாரம் இரண்டு பேர் வந்து லாரியை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு தவணை தவறினாலும் வண்டி திரும்ப வரவேண்டும் என்பது ஒப்பந்தம். செல்லப்பனும் அதே காகிதத்தில்தான் பெருவிரல் வைத்திருந்தார். மாதத் தவணை முப்பது வெள்ளி; மலாயா டாலரை அங்கே வெள்ளி என்பார்கள். வெள்ளிக்கிழமை கட்ட வேண்டும். அன்று செவ்வாய்.

செல்லப்பன் லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பிறகு அதே தோட்டத்து லாரியை எட்டு வருஷம் ஓட்டினார். ரப்பர் விலை விழுந்தபோது பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். செல்லப்பனுக்கும் கப்பல் சீட்டு வந்தது. அவரும் மனைவி வெள்ளையம்மாவும் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவளுடைய இரண்டு வளையலும் தபால் ஆபீஸில் போட்டிருந்த பணமும் முன்பணமாயின. ஏற்கெனவே இரண்டு கை மாறிய லாரி மூன்றாவதாக இவர் கைக்கு வந்தது.

இந்தத் தொழிலில் லாரி ஓட்டுவது சுலபம். பணம் வரும் நாளும் போகும் நாளும் ஒத்துப்போவதில்லை என்பதுதான் கஷ்டம். தோட்டக்காரர் வாடகையை மாசக் கடைசியில் கொடுப்பார். பெட்ரோல்காரன் டின்னைத் தூக்கும்போதே கேட்பான். நடுவில் இருக்கிற நாட்களுக்கு ஓட்டுகிறவனிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

வெள்ளையம்மா அதற்கு ஒரு வழி செய்தாள். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நின்றால், கணக்கு எழுதும் கிராணி பேர் போடுவார். முழு நாள் வேலைக்கு ஒரு பேர். மத்தியானத்தோடு மழை வந்து நின்றுவிட்டால் அரைப் பேர். பேரை எண்ணித்தான் மாசச் சம்பளம். அவள் லாரிக்கும் பேர் போட்டாள். வண்டி ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் தோட்டத்து ஆள் கூலி எவ்வளவோ அவ்வளவு எடுத்து ஒரு மைலோ டின்னில் போட்டாள். அது லாரியின் சம்பளம். அதில் வீட்டுக்கு எதுவும் வாங்கக் கூடாது.

"அதுவும் நம்மளோட சேந்துதானே வேலை செய்யுது," என்றாள்.

"அப்ப லாரிக்கும் ரெண்டு நாள் லீவு குடு," என்று காளியப்பன் சிரித்தான்.

"லீவு எடுத்தா பேர் கிடையாது. உனக்கு மாதிரிதான்."

போன மாதம் லாரி தன் சம்பளத்தில் இரண்டு டயர் வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த எட்டு வெள்ளியைச் செல்லப்பனின் தம்பி அர்ச்சுனன் கல்யாணத்துக்கு வீடு கடன் வாங்கியிருந்தது. ஆக்ஸில் ஒடிந்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், காளியப்பனைப் பழத்துக்குக் காவல் வைத்துவிட்டு, செல்லப்பன் நடந்தும் பஸ்ஸிலுமாக வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தபோது ஒரு வெள்ளியும் சில்லறையும் இருந்தன. தவணைப் பணம் தனியாகத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் இருந்தது.

அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஆக்ஸில் வாங்கினால் வெள்ளிக்கிழமை லாரி ராவுத்தர் கைக்குப் போகும். தவணை கட்டினால் ஒடிந்த லாரி அன்னாசிக் காலம் முழுக்க ரோட்டில் நிற்கும், அடுத்த தவணைக்கு லாரி போகும்.

வெள்ளையம்மா துணி முடிச்சை அவர் முன்னால் வைத்தாள்.

"காலையில மொத பஸ்ஸுக்குப் போங்க. முழுசா எடுத்துக்கிட்டுப் போங்க."

"கட்டிட்டா ஆக்ஸிலுக்கு எங்க போறது?"

"கட்டச் சொல்லல. கேக்கச் சொல்றேன். பணம் கையில இருக்கும்போது போயி நாள் கேளுங்க. செலவழிச்சுட்டுப் போயி நின்னா யாரு நம்புவா?"

"குடுத்துட்டுப் போன்னு வாங்கி வச்சுக்கிட்டா?"

"வாங்கிக்கட்டும். ஒளிஞ்சான்னு பேர் வராதுல்ல."

புதன்கிழமை காலை சுப்ஹான் ராவுத்தர் கடையில் வேறு யாரும் இல்லை. ஜொகூர் பாரு ஸ்டேஷனுக்கு எதிர் வரிசையில் இருந்தது கடை. முன்னால் மூன்று பழைய லாரிகள், உள்ளே சுவர் நெடுக கழற்றிய சாமான்கள். ராவுத்தர் தேத்தண்ணியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செல்லப்பன், வெள்ளிக்கிழமை இன்னைக்கே வந்துருச்சா?"

செல்லப்பன் முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை மேசைமேல் வைத்தார்.

"முப்பது இருக்கு பாய். ஆக்ஸில் ஒடஞ்சுபோச்சு. ரோட்டுல நிக்குது, பழத்தோட. இதைத் தவணைக்கு எடுத்துக்கிட்டாலும் சரி, ஆக்ஸில் குடுத்தாலும் சரி. நீங்களே சொல்லுங்க."

"இது நல்லா இருக்கே. பாரத்தை எந்தலையில ஏத்துறீங்க."

"இன்னும் பாதி லாரி உங்களதுதானே."

"ஆமா. பாதி வெலைதான் கட்டியிருக்கீங்க."

"முன்னாடி பாதி எனது. ஒடஞ்சது பின்னாடி."

ராவுத்தர் சாசரைக் கீழே வைத்தார். சிரிப்பு வந்து புரையேறியது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலால் ஒரு நாற்காலியை மேசைப்பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க."

செல்லப்பன் அந்தக் கடைக்குப் பத்துப் பதினைந்து தடவை வந்திருக்கிறார். நின்றுதான் பணம் கொடுத்திருக்கிறார். கடன் பட்டவனை யாரும் உட்காரச் சொல்லி அவர் பார்த்ததில்லை. பிற்காலத்தில் அவருக்குச் சொந்தமாக இரண்டு லாரி ஓடியபோதும், சுப்ஹான் ராவுத்தர் செய்தது என்ன என்று யாராவது கேட்டால், ஆக்ஸிலை இரண்டாவதாகத்தான் சொல்வார். முதலில் நாற்காலியைச் சொல்வார்.

"கனகராஜ் வண்டிய நான் எடுத்தது தெரியுமா?" என்றார் ராவுத்தர்.

"தெரியும்."

"அவன் முப்பதும் குடுக்க வேணாம். வந்து, இல்லன்னு சொல்லியிருக்கலாம். நான் மூணு வாரம் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் எழுந்து போய்ச் சுவரோரம் கிடந்த ஆக்ஸில்களில் ஒன்றைப் புரட்டினார். கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"இது நேரா இருக்கு. பதினெட்டு."

"அங்க பட்டறையிலயும் பதினெட்டுத்தான்."

"அங்க எட்டு நாள்ல ஒடியும். இங்க உக்காந்து பேசுனதுக்குக் காசு கிடையாது."

பதினெட்டை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு வெள்ளி மேசைமேல் கிடந்தது. ராவுத்தர் அதற்கும் கையை நீட்டினார். செல்லப்பன் ஏழு வெள்ளியை அவர்பக்கம் தள்ளிவிட்டு மிச்சம் ஐந்தின்மேல் கையை வைத்தார்.

"இது லாரியோடது பாய்."

"லாரியோடதா?"

"அதுக்கு நாங்க எட்டு வெள்ளி கடன். அஞ்சையாவது போட்டு வைக்கணும்."

ராவுத்தருக்குப் புரியவில்லை. செல்லப்பன் பேர் போடுகிற கதையைச் சொன்னார். ராவுத்தர் கேட்டுக்கொண்டே ஏழு வெள்ளியை வரவு எழுதினார்.

"எங்கிட்ட முப்பது பேரு லாரி எடுத்திருக்காங்க," என்றார். "லாரிக்குக் கடன்பட்டவன் நீங்க ஒருத்தர்தான். இந்த யோசனை ஒங்களோடதா?"

"வீட்டுல."

"அதானே பாத்தேன்."

தவணையில் மிச்சம் இருபத்து மூன்று. அதை ஒரேயடியாக அடுத்த தவணையோடு சேர்க்க வேண்டாம், இரண்டு மாதத்தில் பிரித்துக் கொடுத்தால் போதும் என்றார் ராவுத்தர். தவணை தவறியதாக எழுதப்போவதில்லை என்றார்.

"வட்டி?" என்று செல்லப்பன் கேட்டார்.

"வட்டி ஹராம். நான் வாங்குறதில்ல."

"அதான் லாபத்த வெலையிலயே வச்சுட்டீங்களே."

"போங்க, போங்க. பழம் அழுவுது."

செல்லப்பன் ஆக்ஸிலைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார். வாசலில் திரும்பி நின்று ஏதோ சொல்லப் பார்த்தார். ராவுத்தர் தேத்தண்ணியை மறுபடி சாசரில் ஊற்றத் தொடங்கியிருந்தார். செல்லப்பன் வெறுங்கையை நெஞ்சில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். பஸ்ஸில் அந்தச் சாக்குக்கும் ஒரு சீட்டு வாங்கச் சொன்னார்கள். சந்தோஷமாக வாங்கினார்.

லாரி நின்ற இடத்தில் காளியப்பன் படுதாவைப் பாதி விலக்கிப் பழங்களுக்குக் காற்று விட்டிருந்தான். ராத்திரி முழுக்க அவற்றின்மேலேயே படுத்திருந்ததில் முதுகெல்லாம் முள் கீறியிருந்தது. மிகவும் பழுத்தவற்றைத் தனியாகப் பிரித்து, ரோட்டில் போகிற வருகிறவர்களுக்கு விற்று, சில்லறையைத் தலைத்துண்டில் முடிந்து வைத்திருந்தான்.

"தோட்டத்துச் சீனத் தவுக்கே கேட்டா அவர்கிட்ட குடுத்துருங்க," என்றான். "கேக்கலன்னாலும் குடுத்துருங்க."

"நீ என்ன சாப்பிட்ட?"

"அன்னாசிதான். இனிமே சென்மத்துக்கும் வேணாம்."

செல்லப்பன் ஜொகூர் பாருவில் தனக்கு வாங்கி, பஸ்ஸில் பிரிக்க மனமில்லாமல் வைத்திருந்த பரோட்டாப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினார். அவன் பாதியைப் பிய்த்து அவரிடமே கொடுத்தான். தின்றுவிட்டு இருவரும் லாரிக்கு அடியில் போனார்கள். இருட்டுவதற்குள் ஆக்ஸில் ஏறிவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் மழை இல்லை. ஸ்கூடாய் தாண்டி ஒரு இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பத்து மணிக்கு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆறில் ஒரு பங்கு பழத்தைக் கழித்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்கள். கழித்ததற்கான வாடகையைத் தோட்டக்காரர் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்; பழம் விற்ற சில்லறையை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். மத்தியானம் இன்னொரு நடை இருந்தது. அதையும் போட்டார்கள். சாயங்காலம் செல்லப்பன் வீட்டுக்கு வந்து, லாரியின் ஐந்து வெள்ளியை மைலோ டின்னில் போட்டுவிட்டுக் குளித்தார். வெள்ளையம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.