நிழல் போட்ட கரப்பான் பூச்சி

உயர்நிலை இரண்டில் நான் வரைந்த கரப்பான் பூச்சிக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் கிடைத்தது. பூச்சியை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. சிராங்கூன் சாலையில் நாங்கள் சாமான் வாங்கும் மளிகைக் கடையில் கேட்டேன். "எத்தனை வேணும்மா?" என்றார் கடைக்காரர். ஒன்று போதும் என்றேன். நல்லதாகப் பார்த்து ஒன்றைப் பிடித்து, சீனி கட்டும் தாளில் மடித்துக் கொடுத்தார்.

படத்தில் பிழை இல்லை. கால்கள் ஆறு, உணர்கொம்புகள் இரண்டு, வயிற்றுக் கண்டங்கள் பத்து, எல்லாம் எண்ணி வரைந்தவை. குற்றம் வேறு இடத்தில் இருந்தது. இறக்கைக்குக் கீழே நிழல் போட்டிருந்தேன். இறக்கை உடலோடு ஒட்டாமல் சற்றுத் தூக்கி நிற்பதைக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. உயிரியல் ஆசிரியை சிவப்பு மையில் எழுதினார்: "இது ஓவியம்."

அறிவியல் வரைபடத்துக்கு விதிகள் உண்டு. கூராகச் சீவிய பென்சில், ஒரே கோடு, நிழல் கூடாது, உறுப்புகளின் பெயருக்குப் போகும் கோடுகள் அளவுகோலால் போட்டவையாகவும் ஒன்றையொன்று வெட்டாமலும் இருக்க வேண்டும். இவற்றை ஒரு வாரத்தில் கைக்குப் பழக்கினேன். அடுத்த வாரம் ஓவிய வகுப்பில் பூ வரையச் சொன்னார்கள். செம்பருத்தியை நெடுக்காக இரண்டாக வெட்டி, நீர்வண்ணத்தில் சூலகம் வரை தீட்டினேன். பழக்க தோஷத்தில் பெயர்க் கோடுகளும் போட்டுவிட்டேன். ஓவிய ஆசிரியர் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். அவர் சீனர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். அழகாக இருக்கிறது, ஆனால் இது வரைபடம் என்றார். பத்துக்கு நான்கு.

எனக்கு வருத்தம் இல்லை. உயிரியல் ஆசிரியை என்னை ஓவியர் என்கிறார், ஓவிய ஆசிரியர் விஞ்ஞானி என்கிறார். இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பதினான்கு வயதில் அப்படி எடுத்துக்கொள்ள முடியும்.

ஆண்டு முடிவில் உயர்நிலை மூன்றுக்கான பாடத்தேர்வுப் படிவம் வந்தது. இடப்பக்கம் அறிவியல் பிரிவு, வலப்பக்கம் கலைப் பிரிவு, நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஓவியம் அந்தப் பக்கம். நான்கையும் குறித்துக் கொடுத்தேன். நான் ஆசைப்பட்டது இவ்வளவுதான்: செடியையும் பூச்சியையும் உடலின் உள்ளுறுப்புகளையும் புத்தகங்களுக்கு வரைந்து தருகிறவர்களில் ஒருத்தியாக வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் தேவைப்பட்டது.

படிவம் துணைத் தலைமையாசிரியரிடம் போனது. அவர் தமிழர். பள்ளிக்குள் தமிழ் பேசுவதில்லை என்று கொள்கை வைத்திருந்தார். திட்டும்போது மட்டும் கொள்கையைத் தளர்த்துவார்.

"ஃபார்மைத் தப்பா நிரப்பியிருக்க."

"இல்ல சார், சரியாத்தான் நிரப்பியிருக்கேன்."

"அப்ப ஃபார்ம்தான் தப்பா?"

புத்தகங்களுக்குப் பூச்சி வரையப் போகிறேன், அதற்கு நான்கும் வேண்டும் என்றேன். அதையே பதிலாக அவர் எடுத்துக்கொண்டார்.

"பூச்சியை வரையறதுக்கு ஆளு எதுக்கும்மா? கேமரா இருக்கே."

"கேமராவுக்குப் பூச்சியோட உள்ள தெரியாது சார்."

இரண்டு ஆசிரியர்களிடமும் ஆதரவுக் கடிதம் வாங்கி வா, பார்க்கலாம் என்று அனுப்பினார். இருவரும் மறுநாளே தந்தார்கள். உயிரியல் ஆசிரியை, இம்மாணவியின் ஓவியத் திறமை அபாரமானது என்று எழுதியிருந்தார். ஓவிய ஆசிரியர், இவளுடைய அறிவியல் ஆர்வத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும் என்று எழுதியிருந்தார். துணைத் தலைமையாசிரியர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "ரெண்டு பேரும் உன்னை அடுத்தவர் தலையில கட்டப் பார்க்கிறாங்க" என்றார்.

வீட்டில் அப்பா எதையும் தனியாக முடிவு செய்யமாட்டார். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் முக்கியமான விஷயமெல்லாம் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் படிகளில்தான் தீரும். கோயில் பாடகர் குழுவை நடத்தும் அங்கிளிடம் அப்பா என் விவகாரத்தை வைத்தார்.

"படம் வரையறதுக்குப் பரீட்சையா?" என்றார் அங்கிள். "எங்க வீட்டுச் சின்னவன் செவுரு பூரா வரைஞ்சிருக்கான்லா. அவனுக்கு என்ன கிரேடு குடுப்பாங்க?"

"டாக்டருக்குப் படிக்கட்டும்" என்றார் அம்மா. "ஞாயித்துக்கிழமை வரையட்டும். யாரு வேணாங்கிறா?"

"ஞாயித்துக்கிழமை பூசை இருக்கே" என்றார் அப்பா. கூட்டம் அத்துடன் கலைந்தது.

இந்த நேரத்தில் பள்ளியில் பெற்றோருக்கான கண்காட்சி வந்தது. தலைப்பு, "அறிவியலும் கலையும்". தலைப்பை வைத்தவர் துணைத் தலைமையாசிரியர். மண்டபச் சுவருக்கு எட்டடி உயரத்தில் மனித இதயம் ஒன்று வரையும்படி என்னிடம் சொன்னார்கள். நிழல் கூடாது என்றார் உயிரியல் ஆசிரியை. நிழல் இல்லாவிட்டால் அது மாம்பழம் போல இருக்கும் என்றார் ஓவிய ஆசிரியர். ஏணிக்குக் கீழே நின்று இருவரும் முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் இதயத்தின் இடப்பாதிக்கு நிழல், வலப்பாதிக்குக் கோடு என்று ஒப்பந்தமானது. அது புதிய உத்தி என்று வந்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள்.

அன்று துணைத் தலைமையாசிரியர் மேடையில் பேசினார். அறிவியலுக்கும் கலைக்கும் நடுவே கோடு போடுகிறவர்கள் நேற்றைய மனிதர்கள் என்றார். அதை இதயத்தின் நடுக்கோட்டுக்கு நேர்கீழே நின்று சொன்னார். நான் கைதட்டினேன். மனதாரத்தான் தட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் படிவத்துடன் அவர் அறை வாசலில் நின்றேன்.

"அது பேச்சு" என்றார். "இது டைம்டேபிள்."

அறிவியல் பிரிவு, வெள்ளிக்குள் பெற்றோர் கையெழுத்து என்று எழுதிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்று பேருந்தில், எங்கள் வீடு இருக்கும் தோ பாயோ வந்து சேரும்வரை அழுதேன். வீட்டில் அம்மா கேட்டதற்கு, சளி என்று சொன்னேன். அப்பா நம்பவில்லை போலிருக்கிறது. வியாழக்கிழமை பிற்பகல் அரைநாள் விடுப்பு எடுத்து, கோயிலுக்குப் போடும் முழுக்கைச் சட்டையில் பள்ளிக்கு வந்தார்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணி, பட்டியலோடு சரிபார்க்க வேண்டும். துணைத் தலைமையாசிரியர் கால அட்டவணையை மேசையில் விரித்து, செவ்வாய்க்கிழமை ஓவியமும் இயற்பியலும் மோதும் இடத்தைக் காட்டினார். அப்பா அந்த இடத்தைப் பார்க்கவில்லை. பட்டியல் எதுவானாலும் கடைசிப் பத்தியிலிருந்து பார்ப்பது அவர் வழக்கம். அங்கே ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர் என்று இருந்தது.

"ஆர்ட்ல ஏழு பேர்தானா சார்?"

"ஆமா."

"கீழ எட்டுன்னு போட்டுச் சுழிச்சிருக்கீங்களே."

துணைத் தலைமையாசிரியர் சுழித்த எட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு, எட்டுப் பேர் சேராவிட்டால் அடுத்த ஆண்டு ஓவிய வகுப்பு நடக்காது, ஆசிரியரை வேறு பள்ளிக்கு எடுத்துவிடுவார்கள், மேலிடத்துக்கும் விளக்கம் எழுத வேண்டும் என்றார். இத்தனையும் தமிழில்.

"அப்ப ஒண்ணு குறையுது" என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். துணைத் தலைமையாசிரியரும் பார்த்தார். அந்த ஆண்டில் அவர் என்னைப் பிரியமாகப் பார்த்தது அப்போதுதான்.

யாராலும் மாற்ற முடியாத அந்த அட்டவணை ஓர் அழிப்பானாலும் ஒரு பென்சிலாலும் பதினோரு நிமிடத்தில் மாறியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நகர்த்தியும் நாற்பது நிமிடம் இடித்தது. ஓவியம் பதினொன்று நாற்பதுக்கு முடியும். இயற்பியல் பதினொரு மணிக்குத் தொடங்கும். நீதியாகப் பிரித்தார்கள். பதினொன்று இருபதுக்கு ஓவியத்திலிருந்து எழுந்துவிட வேண்டும். இருபது நிமிடம் இங்கே போகும், இருபது நிமிடம் அங்கே போகும்.

அப்பா கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் சேதாரம். பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

புதிய ஆண்டின் முதல் செவ்வாய்க்கிழமை, ஈரம் காயாத தாளை இரு கைகளிலும் ஏந்தி மூன்று மாடி ஏறினேன். தாளிலிருந்து நீலம் படியெங்கும் சொட்டியது. இயற்பியல் ஆசிரியர் திரும்பிப் பார்க்காமலே, கதவைச் சாத்தச் சொன்னார். தாளைக் காலடியில் விரித்துவிட்டு, நடந்து முடிந்த இருபது நிமிடத்தைப் பக்கத்தில் இருந்த பெண்ணின் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டேன். அவள் ஒரு லென்ஸ் வரைந்திருந்தாள். ஒரு பக்கம் சரிந்து, கடித்த முறுக்கு போல இருந்தது. அவளைக் கேட்காமலே அழித்துவிட்டு, சரியாக வரைந்து கொடுத்தேன்.