மழைக்குக் கடல் கரையுமா?

வைப்பர் கிறீச்சிட்டபடி மழையை வழித்துத் தள்ளுகிறது. பாசிக்குடாவுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். "திரும்புவமா உம்மா?" என்கிறான் வேனோட்டும் என் மகன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், இதே வீதியில், இதே சத்தத்துக்கு நடுவே வாப்பாவும் என் உம்மாவிடம் அதையேதான் கேட்டார். வாடகை வேனுக்குள் ஈரப்பாயின் வாசமும் வாழையிலையில் கட்டிய சோற்றின் வாசமும் கலந்து கிடந்தன. ஊர் பார்க்க வடக்கே புறப்பட்ட நாங்கள் விடிந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைத்தான்.

"மழைக்குக் கடல் கரைஞ்சிருமா? வேன விடச் சொல்லுங்க," என்றா உம்மா.

கல்முனையில் எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னாலேயே கடல். பிறந்ததிலிருந்து அதன் இரைச்சலைக் கேட்டாவே தவிர, உம்மா ஒரு நாளும் அதில் கால் நனைத்ததில்லை. கரைவலை இழுக்கும் ஆண்கள் நிறைந்த கரைக்கு எங்கள் பெண்கள் போவதில்லை.

பாசிக்குடாவிலோ ஒரு மனிதரும் இல்லை. மழை எல்லாரையும் விரட்டியிருந்தது. உம்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி சாரியோடு கடலுக்குள் நடந்தா. ஆழமில்லாத கடல். எவ்வளவு போயும் அவவின் இடுப்பைத் தாண்டவில்லை.

"போதும் புள்ள, வா!" என்று குடையோடு கரையில் நின்று உம்மாவைப் பார்த்துக் கத்தினார் வாப்பா.

உம்மா இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவர் பக்கம் எறிந்தா. "இண்டைக்கு இது என்ட கடல்!"

வேன் நிற்கிறது. கரையில் யாருமில்லை. மகன் குடையை நீட்டுகிறான்.

"அத நீயே பிடி மகன்," என்று செருப்பைக் கழற்றுகிறேன்.