பிடுங்கினாலும் சுடாத பிஸ்டல்

சின்னமனூரில் முதலாளியின் ஏலக்காய்க் கிட்டங்கியில், விரித்த சாக்கின்மேல் இரண்டு பிஸ்டல்கள் கிடந்தன. மதுரைத் துப்பாக்கிக் கடைக்காரர் கொண்டுவந்திருந்தார். மேகமலை எஸ்டேட்டுக்குக் கூலிப்பணம் கொண்டுபோகும் வேலை அண்ணனுடையது. அவன் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அது எனக்கு வந்தது. லைசென்சில் முதலாளியின் ஆளாக என் பெயரும் ஏறியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார் முதலாளி.

இரண்டிலும் விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். சிறியது உள்ளங்கைக்குள் அடங்கிற்று. அதன் பிடிக்குப் பின்னால் ஒரு தகடு. இறுகப் பிடித்தால் அது அமுங்கும், உடனே சுடலாம். பெரியது கனம். அதன் பக்கவாட்டில் இருந்த சிறு நெம்புகோலைக் கட்டைவிரலால் கீழே தள்ளாமல் சுட முடியாது. பெட்டியோடு வந்த இங்கிலீஷ்த் தாளில் இருந்ததை இப்படித்தான் படித்துச் சொன்னேன். யாரோ எழுதிய கடுதாசியைப் படிப்பதுபோல இருந்தது.

"சின்னதே போதும் தம்பி. மடியில வச்சா வெத்தலப் பைன்னு நெனச்சுக்கிருவாக," என்றார் கடைக்காரர்.

"அதக் காட்டுனா எவன் பயப்படுவான்? பெருச எடுப்பா," என்றார் முதலாளி.

மலையேறுகிறவர்கள் அரிவாளை முதுகுப்பக்கம் இடுப்பில் செருகுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணனும் அப்படித்தான் செருகியிருந்தான். பின்னால் வந்தவன் அதையே உருவி அவனை வெட்டினான்.

வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரரைக் கூப்பிட்டேன். "மாமா, இத எங்கிட்டருந்து பிடுங்கிச் சுடுங்க."

"என்னலே, வெளையாடுறியா?"

"குண்டு இல்ல மாமா. பிடுங்குங்க."

கடைக்காரர் இரண்டையும் திறந்து காலி என்று காட்டினார். வண்டிக்காரர் என் கையிலிருந்து சிறியதைப் பறித்தார். பறித்த வேகத்திலேயே டிக்கென்றது. குழல் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"ஆளப் பாத்துப் பிடிக்காதீகய்யா!" என்று கத்தினார் கடைக்காரர்.

வண்டிக்காரர் சட்டென்று குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தினார். எனக்கு ஏலக்காய் வாசனை மட்டும் தெரிந்தது.

பெரியதைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பறிக்கச் சொன்னேன். பறித்தார். விசையை இழுத்தார், இரண்டு கையாலும் இழுத்தார், குலுக்கிப் பார்த்தார்.

"என்ன எழவுடா இது, செத்த மாடு மாதிரி கெடக்கு."

"இதுதான் வேணும் ஐயா," என்றேன்.

முதலாளிக்குச் சந்தோஷம். "நாஞ் சொன்னேன்ல, பெருசுன்னாத்தான் பயப்படுவாங்யன்னு."

கடைக்காரருக்கு மட்டும் காரணம் புரிந்திருக்க வேண்டும். என்னைத் தனியே அழைத்து, மடியிலிருந்து எடுத்து நெம்புகோலைத் தள்ளிக் காட்டச் சொன்னார். காட்டினேன். முதல் தடவை வேட்டியில் மாட்டியது. அடுத்த தடவை விரல் வழுக்கியது.

"பாத்தியா தம்பி? ஒனக்கே நேரமாகுதே. பணத்தப் பறிக்க எவனாவது பக்கத்துல வந்துட்டா என்ன செய்வ?"

"எங்கிட்டருந்து பிடுங்குறவனுக்கும் நேரமாகும்லங்க," என்றேன்.

அவர் சிறியதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.