முதிரக் காத்திருந்த கருமுட்டைகள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. நானும் என் கணவரும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்தோம். நான் ஆபீசில், அவர் தோலுக்கு மெருகேற்றும் ஃபினிஷிங் பிரிவில். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லை. சர்ச்சில் எனக்காக ஜெபிக்காத வாய் கிடையாது. சிலருடைய ஜெபத்தில் என் சினைப்பை நீர்க்கட்டி வரை விவரம் இருக்கும். ஆண்டவருக்குத் தெரியாதா என்ன, ஊருக்குத்தான் அறிவிப்பு. எரிச்சலாக வரும். ஆமென் சொல்லிவிட்டு வருவேன்.

முதலில் வேலூர் ஆஸ்பத்திரியில் கருமுட்டை வளர ஊசி போட்டார்கள். வயிற்றில் நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல் படுத்த படுக்கையானேன். அதனால் அங்கிருந்த டாக்டரம்மா வேறு வழி சொன்னார். ஊசியைக் குறைத்து, கருமுட்டைகளை முதிராதபோதே வெளியே எடுத்து, லேபில் வைத்து முதிர வைப்பது. புதுசு, உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

"மாங்கான்னா வைக்கோல்ல வச்சி பழுக்க வைக்கலாம். இது எப்டிமா?" என்றார் என் மாமியார். எனக்கும் அதே சந்தேகம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

எடுத்தார்கள். நான் வேலூரிலேயே, பாகாயத்தில் அக்கா வீட்டில் படுத்துக்கொண்டேன். கர்ப்பிணி என்றால் பார்த்து நட, பளு தூக்காதே என்று ஏதாவது சொல்வார்கள். எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. எங்கேயோ ஒரு பெட்டிக்குள் அவை முதிர வேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாலும் ஆகப்போவது எதுவுமில்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போன் வந்தது. சில முதிர்கின்றன, கணவரை வரச்சொல்லுங்கள் என்றார்கள். சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நேரம், அவர் ஆம்பூரில் கம்பெனியில் இருந்தார். லேப் பக்கம் சென்ட், பவுடர் கூடாது, அந்த வாசனை கருமுட்டைக்கு ஆகாது என்று எங்கள் இருவரிடமும் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் எங்கள் ஊர் ஆண்கள் தோல் வாடையோடு வெளியூர் பஸ் ஏற மாட்டார்கள். குளித்து, அத்தர் தடவினால்தான் கால் நகரும். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் லேப் வாசலில் காத்திருக்க, இவரும் கமகமவென்று வந்து நின்றார்.

நர்ஸ் வாசலிலேயே மறித்தார். "இன்னா சார், சொல்லித்தானே அனுப்ச்சோம்?"

"கொஞ்சம்தான் சிஸ்டர் போட்டுகினேன். வாடையோட எப்டி ஆஸ்பத்திரிக்கு வர்றது?"

மறுபடி குளிக்கச் சொல்லி, பச்சை அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். ஈரத் தலையோடு அவர் நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். லேப் வாசலை அவர் தாண்டவேயில்லை. விந்தைக் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். முதிர்ந்தது இரண்டே இரண்டு. இரண்டிலும் கரு உருவாகவில்லை.

"என் அத்தராலயா மேடம்?" என்று கேட்டார் என் கணவர்.

"இல்லீங்க. நீங்க உள்ளயே வரலியே. சில பேருக்கு ஏன்னு எங்களுக்கே தெரியறதில்ல."

ஆமாம், அவரால்தான் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு. ஆயுசுக்கும் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது?

"அந்த முட்டைங்க இப்ப எங்க மேடம் இருக்கு?" என்றேன்.

டாக்டரம்மா ஃபைலை மூடி வைத்தார். "காலைல எடுத்துப் போட்டுட்டாங்கமா."

"ஒரு தடவை காட்டியிருக்கலாமே."

"பாத்தாலும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுமா" என்றார் ஆறுதலாக.

பிள்ளைக்கென்று என் உடம்பிலிருந்து வெளியே வந்தது அவ்வளவுதான். அதையும் நான் பார்க்கவில்லை.